பிரித்து விற்ற பைக்

ஒரு முடிவை எடுத்துவிட்டால் அதிலிருந்து இம்மியும் நகராதவர் கண்ணாடிக்காரர். தன்னைப் பற்றி அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் அப்படி நினைத்ததாகத் தகவல் இல்லை. அன்று காலை அவர் எடுத்த முடிவு இது: தலையே போனாலும் பைக்கை விற்பதில்லை. இதை நெஞ்சை நிமிர்த்தி, பல்லைக் கடித்து, சத்தம் வராமல் எடுத்தார். மனைவி சமையலறையில் இருந்தாள். அவள் காது ஷெட் வரைக்கும் எட்டும்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் வெறும் வயிற்றோடும் கடுகடுப்போடும் வருவார்கள் என்பதால் விடிந்த கையோடு போய் நிற்க வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததாக அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

பைக் அவருடைய கல்யாணத்துக்கு முந்தைய சொத்து. ஸ்போர்ட்ஸ் பைக். அதில் யாரும் உட்கார்ந்து போக மாட்டார்கள். பெட்ரோல் டாங்க்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு போவார்கள். முன்னும் பக்கமும் வழவழவென்று பிளாஸ்டிக் உறை. ஒரு வளைவில் விழுந்து அந்த உறை அப்பளமாக நொறுங்கியது. சாலையில் எண்ணெய் கொட்டியிருந்தது என்பது கண்ணாடிக்காரரின் வாக்குமூலம். சாலையில் எதுவும் கொட்டியிருக்கவில்லை, அவரைத் தவிர, என்பது மனைவியின் வாக்குமூலம். அன்றிலிருந்து வண்டி ஷெட்டில் தார்ப்பாய்க்குள் முடங்கிக் கிடந்தது.

"இதை ஓடற மாதிரி பண்ணுங்க" என்று மனைவி இரண்டு வருடம் கேட்டாள்.

"அடுத்த மாசம் பண்ணிடறேன்" என்று அவரும் இரண்டு வருடம் சொன்னார். மாதங்கள் வந்தன. அடுத்த மாதம் மட்டும் வரவே இல்லை.

நேற்று அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் பரிமாறிக்கொண்டே, சாதாரணமாக, "அந்த வண்டியை வித்துடுங்க" என்றாள்.

"விக்கறதா?"

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமைக்குள்ள ஷெட் காலியாகணும். இல்லேன்னா பழைய இரும்புக்காரரை நானே வரச் சொல்றேன். தராசுல தூக்கி வெச்சு எடுத்துட்டுப் போகட்டும்."

தராசு என்ற சொல் கண்ணாடிக்காரரின் தொண்டையில் சோற்றோடு சிக்கியது. அவர் மனக்கண்ணில் வண்டி தலைகீழாகத் தொங்கியது. இரண்டு வருடம் "ரிப்பேர்" என்ற சொல் செய்யாததை "வித்துடுங்க" என்ற சொல் ஒரே ராத்திரியில் செய்தது. விடிந்ததும் அவர் ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். முடிவு எடுத்தார். மேலே சொன்ன முடிவு.

முடிவு எடுத்தாயிற்று. வழி வேண்டுமே.

வழி கடையில் கிடைத்தது. கண் பரிசோதிக்க வந்தவர்கள் எழுத்துப் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் செல்போனில் பைக் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த பிளாஸ்டிக் உறையைப் புதிதாக வாங்கப் போனால் கடையையே விற்க வேண்டும். கடையும் அவருடையது இல்லை. ஆனால் உறையே வேண்டாம் என்று எடுத்துவிட்டால்? குனிந்து பிடிக்கும் இரண்டு துண்டுக் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு நேரான ஹேண்டில்பார் ஒன்று. முன்னால் ஒரு உருண்டை ஹெட்லைட். எஞ்சின் வெளியே தெரிய, சட்டையைக் கழற்றி வீசிவிட்டு நடுத்தெருவில் சண்டைக்கு நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். அப்படி மாற்றிய வண்டிக்குப் பெயரே ஸ்ட்ரீட்ஃபைட்டர். வீட்டுக்குள் ஒரு நாளும் சண்டைக்கு நிற்காதவருக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுத்த நொடி அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. அப்படி ஒரு யோசனை தனக்குப் பிறந்ததை நினைத்து அவருக்கே புல்லரித்தது. பைக்கைப் பிரித்து விற்கிறவனும் முதலில் உறையைத்தான் கழற்றுவான். மாற்றிக் கட்டுகிறவனும் முதலில் உறையைத்தான் கழற்றுவான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது செருப்பைக்கூட மிடுக்காகக் கழற்றினார்.

"யோசிச்சுப் பாத்தேன். நீ சொல்றதுதான் சரி. வித்துடலாம்."

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள். "உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். முழுசா வித்தா எவனும் சீந்த மாட்டான். பார்ட் பார்ட்டாப் பிரிச்சு வித்தா நல்ல விலை போகும்."

"பிரிக்க உங்களுக்குத் தெரியுமா?"

"தினம் எத்தனை கண்ணாடி பிரிக்கறேன், பூட்டறேன். எல்லாம் ஸ்க்ரூதானே."

"இதுல பூட்டற வேலை இல்லையே. பிரிச்சா போதும்தானே?"

"ஆமா. ஆமாமா. பிரிச்சா போதும்."

அவள் கத்தரிக்காயைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் கண்ணாடிக்காரர் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

பிளாஸ்டிக் உறை ஒரு மாலையில் கழன்றது. மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் உறையைக் காணோம்.

"வித்தாச்சு" என்றாள் மனைவி. "போன்ல படம் போட்டேன். உடைஞ்சதா இருந்தாலும் பரவாயில்லைன்னு யாரோ வந்து வாங்கிட்டுப் போனாங்க. நீங்க பிரிச்சு மட்டும் போடுங்க. விக்கறதை நான் பாத்துக்கறேன்."

கண்ணாடிக்காரர் உறை இருந்த இடத்தை ஒரு தடவை சுற்றி வந்தார். அவர் திட்டத்தில் விற்பவர் என்று ஒருவர் கிடையாது.

எதிர்வீட்டில் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர் இருந்தார். தெருவுக்கே டிரைவர் அண்ணன். ரகசியம் எதையும் வெளியே விடமாட்டார். அவர் வீட்டில் அவர் பேச இடமே கிடைக்காது என்பது காரணம். வாங்கிய சாமான்களை ஒளித்துவைக்க அவர் வீட்டு ஷெட்டைவிட்டால் வேறு இடமில்லை.

"அண்ணே, இந்த ஹெட்லைட்டை ஒரு ஓரமா வெச்சுக்குங்க."

"இது ஏதோ பழைய மொபெட் லைட் மாதிரி இருக்கே தம்பி."

"மொபெட்தான். நம்ம பட்ஜெட் அவ்வளவுதான்." பட்ஜெட் என்பது மனைவி கண்ணில் படாமல் சட்டைப் பையில் மிஞ்சியது.

"தங்கச்சிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"தெரியாது. தெரியவே தெரியாது."

"நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். பின்னாடி என்ன வருதுன்னு கண்ணாடியில பாக்காம ஓட்டினதே இல்ல. நீங்க எப்படித் தம்பி இவ்வளவு தைரியமா ஓட்டறீங்க?"

ஹேண்டில்பார் கிடைத்த அன்று டிரைவர் அண்ணன் வீடு பூட்டியிருந்தது. பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த நல்ல ஹேண்டில்பார். செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வீட்டு வாசலில் காலெடுத்து வைத்தார். கதவைத் திறந்ததே மனைவி.

"என்னங்க அது நீளமா?"

கண்ணாடிக்காரர் பொட்டலத்தை முதுகுப் பக்கம் கொண்டுபோனார். "டவல் கம்பி."

"டவல் கம்பியா?"

"பாத்ரூம்ல டவல் போட இடமே இல்லைன்னு சொல்லிட்டே இருப்பியே."

"சொன்னதே இல்லையே." அவள் செய்தித்தாளை விலக்கிப் பார்த்தாள். "வளைஞ்சிருக்கு."

"டவல் நழுவாம இருக்கறதுக்கு அப்படித்தான் வருது இப்பெல்லாம்."

"நல்லாயிருக்கே. இப்பவே மாட்டிடுங்க."

மாட்டினார். வேறென்ன செய்வது? சுவரில் துளை போட்டு, கொக்கி வைத்து, நல்ல ஹேண்டில்பாரைக் குளியலறையில் மாட்டினார். மறுநாளிலிருந்து அதில் ஈரத் துண்டு தொங்கியது. ஒவ்வொரு நாளும் குளிக்கப் போகும்போது அதை ஒரு கையால் தடவிப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்காத தைரியத்தில், இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் முழங்கால் மடக்கி நிற்பார்.

வெள்ளம் தலைக்குமேல் ஏறியது அந்த வார ஞாயிற்றுக்கிழமை. மனைவி ஒரு பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு ஷெட் வாசலில் நின்றாள்.

ஒல்லியான ஆள். தோளில் கான்வாஸ் பை. வாயில் பேச்சு இல்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்தார். முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"முன் வீல் மட்டும் இவருக்கு வேணுமாம்" என்றாள் மனைவி. "கழட்டிக் குடுங்க."

முன் சக்கரம் போனால் வண்டி ஏது? கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"விக்கலாம்தான். ஆனா உண்மையைச் சொல்லிடறேன் சார். நான் ஏமாத்தி விக்கற ஆள் இல்ல. பேரிங் போயிடுச்சு. நீங்க மாட்டி, வழியில எங்கயாவது ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"

பார்ட்டி மனைவியைப் பார்த்தார். மனைவி கணவரைப் பார்த்தாள்.

"மாத்திக் குடுங்க" என்றார் பார்ட்டி. "அடுத்த வாரம் வர்றேன்."

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "மாத்திடுங்க. நல்ல பொருளாக் குடுத்தாத்தானே நம்ம பேரு கெடாம இருக்கும்."

பேரிங்கை மாற்றும் எண்ணமே கண்ணாடிக்காரருக்கு இருந்ததில்லை. சொன்ன பொய்க்காகக் கழற்றினார். கழற்றிப் பார்த்தால் உள்ளே குண்டுகள் எல்லாம் துருப்பிடித்துத் தூளாக உதிர்ந்தன. தான் சொன்ன பொய் இவ்வளவு உண்மையாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். பிறகு புதிது போட்டார்.

அடுத்த ஞாயிறு பார்ட்டி வந்தார். சக்கரத்தைச் சுற்றினார். சத்தமில்லாமல் சுற்றியது.

"வீல் நல்லாயிருக்கு. ஆனா தனியா வீலை எடுத்துட்டுப் போய் நான் என்ன பண்றது? பிரேக்கோட எடுத்துக்கறேன். பிரேக் எப்படி?"

கண்ணாடிக்காரர் தப்பித்தோம் என்று விட்ட மூச்சைப் பாதியிலேயே உள்ளே இழுத்துக்கொண்டார். "பிரேக்கா? பிரேக் பிடிக்காது சார். பேருக்குத்தான் இருக்கு."

"எந்த வீட்டுக்காரராவது தன் வண்டியை இப்படி மட்டமாப் பேசுவாரா?" என்றாள் மனைவி.

"வியாபாரத்துல நேர்மை வேணும்ல?"

"நேர்மைதான். சரி, பிடிக்க வெச்சுக் குடுங்க."

பிரேக் கட்டைகள், ஆயில், அந்த ஆயில் போகிற குழாயான ஹோஸ், எல்லாம் புதுசு. ஹோஸ் மாற்றும்போதே கண்ணாடிக்காரர் ரகசியமாகக் கொஞ்சம் நீளமானதாகப் போட்டுக்கொண்டார். நேரான ஹேண்டில்பார் உயரத்தில் வரும், பழைய நீளம் எட்டாது. இதையெல்லாம் அந்த ஒல்லி ஆசாமியின் முதுகுக்குப் பின்னால் செய்கிறோம் என்பதில் அவருக்கு ஒரு குஷி. டிரைவர் அண்ணனிடம் பீற்றிக்கொண்டார்.

"அவ வண்டியை விக்கறதா நினைச்சுட்டிருக்கா. நான் வண்டியைக் கட்டிட்டிருக்கேன். எப்படி?"

"எனக்கு ஒண்ணுதான் புரியலை தம்பி. வித்துடறதுன்னு ஆன வண்டிக்கு எதுக்குப் புது பிரேக்?"

"அதுதான் என் டெக்னிக்."

"உங்களுதா?" என்று டிரைவர் அண்ணன் கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். கண்ணாடிக்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு பார்ட்டி பிரேக்கைப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில் எஞ்சினில் கை வைத்தார்.

"எல்லாத்தையும் மொத்தமாவே எடுத்துக்கறேன் மேடம். எஞ்சின் ஸ்டார்ட் ஆனாப் போதும்."

"ஸ்டார்ட் ஆகாது" என்றார் கண்ணாடிக்காரர், இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்பே. "கார்புரேட்டர் அடைச்சுக் கிடக்கு."

"கிளீன் பண்ணுங்க. கடைசி ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்றேன். அன்னிக்கே எடுத்துட்டுப் போயிடறேன்."

அன்னிக்கே. இனி சொல்வதற்குப் பழுது ஒன்றும் மிச்சமில்லை. வண்டியில் இருந்த எல்லாக் குறையையும் தன் வாயாலேயே சொல்லி, தன் கையாலேயே சரிசெய்து தீர்த்துவிட்டார்.

அந்த வாரம் கார்புரேட்டர் அவரோடு கடைக்குப் போனது. கண்ணாடி ஃபிரேமுக்கான பொடி ஸ்க்ரூடிரைவரால் அதன் மூக்கையும் வாயையும் சுரண்டினார். லென்ஸ் துடைக்கும் துணியால் துடைத்தார். ஒரு பெரியவர் கவுண்டரில் வந்து, "இது என்ன புது மாடல் ஃபிரேமா?" என்று கேட்டார். "ஆமா, கொஞ்சம் கனமா இருக்கும்" என்றார் கண்ணாடிக்காரர். அவருக்கு யாரிடமும் உண்மை பேசும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

திட்டம் இதுதான். கடைசி ஞாயிறு மனைவிக்குக் காலை டியூட்டி. பத்து மணிக்குத்தான் திரும்புவாள். அதற்குள் ஹேண்டில்பாரைக் குளியலறையிலிருந்து எடுத்து வண்டியில் பூட்ட வேண்டும். ஹெட்லைட்டை மாட்ட வேண்டும். வண்டியைக் கிளப்பி, தெருவைக் கடந்து, டிரைவர் அண்ணன் ஷெட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். "வேற ஒரு பார்ட்டி முன்னாடியே வந்து எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிட்டான்" என்று மனைவியிடம் சொல்ல வேண்டும்.

"அப்புறம் எப்படி ஓட்டுவீங்க?" என்று கேட்டார் டிரைவர் அண்ணன்.

"ஃப்ரெண்டோட வண்டின்னு சொல்வேன்."

"தினமுமா?"

"ரொம்ப நல்ல ஃப்ரெண்ட்."

ஞாயிறு விடிந்தது. மனைவி கிளம்பிப் போய் பஸ் ஏறும் வரை அவர் போர்வைக்குள் மூச்சு விடாமல் கிடந்தார். பிறகு துள்ளி எழுந்தார். ஈரத் துண்டைத் தூக்கி எறிந்தார். ஹேண்டில்பாரைக் கொக்கியிலிருந்து பிடுங்கியபோது சுவரிலிருந்து ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஹேண்டில்பார் உட்கார்ந்தது. கிளட்ச் கேபிள் எட்டியது. ஹேண்டிலை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். டாங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே அவர் கட்டைவிரல் அகப்பட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு காலில் நின்றார். விரலை உருவிக்கொண்டு, ஒரு வாஷரை வைத்து ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தினார். இப்போது இடிக்கவில்லை.

வயர்கள்தான் வதைத்தன. இத்தனை நாள் பிளாஸ்டிக் உறைக்குள் மானமாக ஒளிந்திருந்த வயர்கள் எல்லாம் குடல் சரிந்த மாதிரி வெளியே தொங்கின. எல்லாவற்றையும் உருண்டை ஹெட்லைட்டின் வயிற்றுக்குள் திணிக்க வேண்டும். திணித்தார். ஹாரனை அழுத்தினால் இண்டிகேட்டர் எரிந்தது. இண்டிகேட்டரைப் போட்டால் ஹாரன் அடித்தது. வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஊரையே கூப்பிட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதானா? பிடுங்கி மாற்றினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். பார்த்தார். ஒன்பதரையைத் தாண்டியிருந்தது.

ஸ்டார்ட்டரை அழுத்தினார். எஞ்சின் கிர்ரென்று சுற்றியது. பற்றவில்லை. மறுபடி அழுத்தினார். பற்றவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுத்தம் செய்ததில் எதையாவது திருப்பிப் போட்டுவிட்டோமா? கண்ணாடிக் கடையில் வைத்துக் கார்புரேட்டரைப் பிரித்தவன் உலகத்தில் வேறு யாராவது இருப்பானா? தெருமுனையில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தார். பெட்ரோல் குழாய் மூடியிருந்தது. அவரே மூடியது.

திறந்தார். அழுத்தினார்.

வண்டி இரண்டு வருடத் தூக்கத்திலிருந்து இருமிக்கொண்டு எழுந்தது. பிறகு உறுமியது. உறைக்குள் இருந்தபோது அதற்கு இவ்வளவு குரல் இல்லை. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. ரகசியம் என்று சொல்லிக்கொள்ள இனி ஏதுமில்லை. வேகம் மட்டும்தான் மிச்சம். ஏறி உட்கார்ந்தார். குப்புறப் படுக்கவில்லை. நிமிர்ந்து, அகலமாகக் கை விரித்து, ஒரு ராஜா மாதிரி உட்கார்ந்தார். அந்தச் சந்தோஷத்துக்கு அவருக்குக் கிடைத்தது தெருவைக் கடக்கும் நேரம்தான்.

டிரைவர் அண்ணன் வீட்டு கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு உள்ளே டிரைவர் அண்ணன் நின்றிருந்தார்.

"அண்ணே, திறங்க. சீக்கிரம்."

"தம்பி, வேணாம்."

"என்ன வேணாம்? பஸ் வந்துருச்சுண்ணே. திறங்க."

"தங்கச்சி காலைல பஸ்ஸுக்குப் போறப்பவே இங்க வந்து சொல்லிட்டுத்தான் போச்சு. கேட்டைத் திறக்கக் கூடாதாம்."

"அவ சொன்னா? நீங்க என் பக்கம் இல்லையாண்ணே?"

டிரைவர் அண்ணன் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் எடுத்த சுகர் ரிசல்ட் தங்கச்சி கையில இருக்கு. நான் கடைத்தெருவுல ஜிலேபி திங்கறது வீட்டுல இவளுக்குத் தெரியாது. என் நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க."

கண்ணாடிக்காரர் வண்டியைத் திருப்பினார். திருப்பிய இடத்தில் மனைவி நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் ஒல்லியான அந்தப் பார்ட்டி. அவள் தோளில் வேலைக்குப் போகும் பை. இடுப்பில் இடுக்கிய ஒரு புது ஹெல்மெட்.

எஞ்சினை அணைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவர் அதன் உறுமலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். தெருவில் ஜன்னல்கள் எல்லாம் திறந்துவிட்டன.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா. ஸ்டார்ட் ஆகுதான்னு பாத்தேன்."

"ஆகுதா?"

"ஆகுது."

"நல்லதாப் போச்சு. பார்ட்டி வந்துட்டார். இறங்குங்க."

இறங்க வேண்டும் என்றுதான் காலுக்குச் சொன்னார். கால் கேட்கவில்லை. ஒரு மாதமாகக் கையில் அப்பிய கிரீஸ் இன்னும் நகக்கண்ணில் இருந்தது. கட்டைவிரல் வீங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்தார். அந்த அமைதியில் அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"நான் விக்க மாட்டேன்."

"என்ன?"

"இந்த வண்டியை விக்க மாட்டேன். நீ தராசைக் கொண்டு வந்தாலும் சரி. என்னையும் சேர்த்து எடை போட்டுக்க. நான் பிரிச்சு விக்கவே இல்ல. மாத்திக் கட்டினேன். இத்தனை நாளா உன்கிட்ட பொய்தான் சொன்னேன். பேரிங் போச்சுன்னது பொய். அது நிஜமாவே போயிருந்தது, அது வேற விஷயம். ஆனா நான் சொன்னப்ப அது பொய்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது. இரும்புக்காரர் இன்றே வருவார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி, விக்க வேணாம்" என்றாள் மனைவி.

கண்ணைத் திறந்தார். "வேணாமா?"

"யார் விக்கப் போறாங்க? பொய்னும் எனக்குத் தெரியும்."

"எது?"

"எல்லாம்தான். எந்தக் கடையில ரெண்டு பக்கமும் ரப்பர் கைப்பிடி வெச்ச டவல் கம்பி விக்கறாங்க?"

கண்ணாடிக்காரர் ஹேண்டில்பாரைப் பார்த்தார். ரப்பர் கைப்பிடிகள் இரண்டும் அதனதன் இடத்தில் அமைதியாக இருந்தன.

"அப்ப எதுக்கு விக்கச் சொன்னே?"

"ரிப்பேர் பண்ணுங்க, ரிப்பேர் பண்ணுங்கன்னு ரெண்டு வருஷம் தொண்டை கிழிஞ்சேன். ஒரு ஸ்க்ரூ திருப்பினீங்களா? வித்துடுங்கன்னேன். ஒரே மாசத்துல பிரேக் ஆயில் வரைக்கும் மாத்திட்டீங்க." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்களைத் தனியா விட்டா லைட்டையும் ஹேண்டிலையும் மாத்திட்டு பிரேக்கே இல்லாமக் கிளம்பிடுவீங்க. அதான் இவரைக் கூட்டிட்டு வந்தேன்."

"இவர் யாரு?"

ஒல்லியான ஆள் கையெடுத்துக் கும்பிட்டார். "டிரைவிங் ஸ்கூல் சார். மேடம் நம்மகிட்டதான் பைக் கத்துக்கிட்டாங்க. வண்டி நல்லா வந்திருக்கு சார். பேரிங் பிரமாதம்."

"பைக்கா? நீயா?"

"ரெண்டு பஸ் மாறி, கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டே போய், அந்தக் கையோட ஒருத்தர் நரம்பைத் தேடி ஊசி குத்தணும். குத்திப் பாருங்க தெரியும். உங்க பழைய குப்புறப்படுக்கற ஹேண்டில் எனக்கு ஆகாது. மணிக்கட்டு செத்துப்போயிடும். இது நிமிர்ந்து உக்காரலாம் போல இருக்கு." அவள் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தாள். எங்கும் இடிக்கவில்லை. "நல்லாக் கட்டியிருக்கீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் இரண்டு வருடத்தில் அவர் கேட்காத வாக்கியம். அதில் மயங்கி அவர் இறங்கிவிட்டார். எப்போது இறங்கினோம் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

மனைவி ஹெல்மெட்டை மாட்டினாள். ஏறினாள். வண்டி உறுமியது. அவள் பதறவில்லை. தெருமுனை வரை போனாள், சரியான பக்கத்து இண்டிகேட்டர் எரிய அழகாகத் திரும்பினாள், பிரேக் பிடித்து அவர் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினாள். டிரைவர் அண்ணன் கேட்டுக்குள்ளிருந்து கை தட்டினார். டிரைவிங் ஸ்கூல்காரர் விடைபெற்றுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

கண்ணாடிக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். ஹெட்லைட்டில் ஒட்டியிருந்த தூசியை லென்ஸ் துணியால் துடைத்தார். வண்டி தராசுக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருக்கப் போகிறது. அதுவே பெரிய வெற்றி இல்லையா? ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. குரலில் கொஞ்சம் கெஞ்சலும் கொஞ்சம் கம்பீரமும் கலந்து கேட்டார்.

"வாரம் முழுக்க நீ எடுத்துட்டுப் போ. நான் வேணாங்கலை. ஞாயித்துக்கிழமை மட்டும் நான் ஓட்டிக்கறேன். இன்னிக்கே ஆரம்பிக்கலாமே. மார்க்கெட் போகணும்னியே, வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

மனைவி ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அவரைப் பரிவோடு பார்த்தாள்.

"உங்க லைசென்ஸ் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சுங்க. இந்தக் காய்கறிப் பையை மடியில வெச்சுக்கிட்டுப் பின்னாடி உக்காருங்க."